டேவ் ஆலன்: உட்கார்ந்தபடி சிரிக்கவைத்த அயர்லாந்துக்காரரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரிந்தவர் யாராவது சோர்ந்து கிடந்தால் டேவ் ஆலனின் பழைய காணொளி ஒன்றை அனுப்பிவைப்பேன். மறுநாள் பதில் வரும். சிரித்தேன் என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே நான்கு கேள்விகள் இருக்கும். அலுவலக நண்பர், அத்தை மகன், எங்கள் சித்தி, யாராக இருந்தாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

யார் இவர்? பெயரைக்கூடக் கேட்டதில்லையே?

அயர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற நகைச்சுவையாளர், எழுத்தாளர். பிறந்தது 1936 ஜூலை 6, டப்ளினை ஒட்டிய ஃபர்ஹவுஸில். இறந்தது 2005 மார்ச் 10, லண்டனில். 1971 முதல் 1979 வரை பிபிசியில் ஓடிய ‘டேவ் ஆலன் அட் லார்ஜ்’ என்ற நிகழ்ச்சிதான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவரை நீங்கள் கேள்விப்படாததில் வியப்பில்லை. அவருடைய காலத்தில் பிபிசி என்றால் நம்மில் பலருக்கு வானொலிதான். காணொளித் தளங்கள் வந்த பிறகுதான் அவர் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்தார்.

இயற்பெயர் வேறு என்கிறார்களே, ஏன் மாற்றிக்கொண்டார்?

இயற்பெயர் டேவிட் டைனன் ஓ’மாஹனி. இங்கிலாந்தில் வாய்ப்புத் தேடியபோது அந்தப் பெயர் யாருடைய வாயிலும் நுழையவில்லை. ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும் பெயராக இருந்தால் நிகழ்ச்சி முகவர்களின் அகரவரிசைப் பட்டியலில் மேலே நிற்கலாம் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. ஆலன் ஆனார்.

ஆனால் அந்த நீளமான பெயரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதற்குள் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. அப்பா ‘தி ஐரிஷ் டைம்ஸ்’ நாளிதழின் பொது மேலாளர். அப்பாவைப் பெற்ற பாட்டி நோரா டைனன் ஓ’மாஹனி பத்திரிகையில் எழுதியவர். பாட்டியின் சகோதரி கேதரின் டைனன் அயர்லாந்து நன்கு அறிந்த கவிஞர். எழுத்தும் அச்சு மையும் புழங்கிய வீட்டிலிருந்து வந்த பிள்ளை. பின்னால் எட்டாவது கேள்விக்கு இது தேவைப்படும்.

ஸ்டாண்ட்-அப் என்றால் நின்றுகொண்டு செய்வதுதானே? இவர் ஏன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார்?

எழுந்தும் இருக்கிறார். அரங்க நிகழ்ச்சிகளில் நடந்து, ஓடி, உடம்பை வளைத்து நடித்துக் காட்டுவார். ஆனால் எல்லோர் மனத்திலும் நின்றுவிட்ட உருவம், உயரமான நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, கோட்டும் சூட்டும் அணிந்து, ஒரு கையில் சிகரெட்டும் பக்கத்தில் கண்ணாடிக் குவளையுமாக உட்கார்ந்திருக்கும் ஆலன்தான். இடையிடையே உடையில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டுக்கொள்வார்.

இது சோம்பலால் வந்ததல்ல. அந்நாளைய பிரிட்டிஷ் நகைச்சுவையாளர்களில் பலர் துணுக்குமேல் துணுக்காக வீசிக்கொண்டே போவார்கள். ஒன்று விழவில்லை என்றால் அடுத்தது விழும். ஆலன் சொன்னது கதை. ஒரே கதை ஐந்து நிமிடம்கூடப் போகும். நடுவில் கிளை பிரியும், யாரோ ஒரு கிழவர் வருவார், மழை பெய்யும், வந்த விஷயமே மறந்துபோனதுபோல் இருக்கும். அப்படிக் கதை சொல்பவருக்குத் திண்ணையோ நாற்காலியோ வேண்டும். கேட்பவருக்கும், இவர் இப்போதைக்கு எழுந்து போகமாட்டார் என்ற நிம்மதி வேண்டும்.

குடித்துவிட்டா பேசுகிறார்? அந்தக் குவளையில் என்ன இருக்கிறது?

இஞ்சிச் சுவையூட்டிய சோடாவும் பனிக்கட்டியும். பார்க்கிறவர்கள் விஸ்கி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அயர்லாந்துக்காரன் என்றால் கையில் விஸ்கி இருக்கும் என்பது இங்கிலாந்தில் வேரூன்றிப்போன எண்ணம். அதை மறுத்துப் பேசாமல், அதையே வைத்து வேடிக்கை காட்டினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிகரெட் மட்டும் நிஜம். பிற்காலத்தில் அதை விட்டுவிட்டார்.

நகைச்சுவைக்கு எப்படி வந்தார்? நேராக மேடைக்கா?

இல்லை, பத்திரிகை வழியாக. அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். பள்ளி அவருக்கும் ஒத்துவரவில்லை, அவர் பள்ளிக்கும் ஒத்துவரவில்லை. அதன்பின் ட்ராஹிடா என்ற ஊரில் வெளிவந்த உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபர் வேலை பார்த்தார். பத்தொன்பது வயதில் லண்டனுக்குப் போனார். நாளிதழ்களின் தெருவாக இருந்த ஃப்ளீட் ஸ்ட்ரீட் அவருக்கு வேலை தரவில்லை.

கிடைத்தது ‘ரெட்கோட்’ வேலை. பட்லின்ஸ் என்ற நிறுவனம் கடற்கரை ஊர்களில் விடுமுறை முகாம்கள் நடத்திவந்தது. தொழிலாளர் குடும்பங்கள் ஒரு வாரம் வந்து தங்கும் இடம். அங்கே சிவப்புக் கோட்டு அணிந்த இளைஞர்கள் காலையில் விருந்தினரை எழுப்பி, குழந்தைகளுக்கு விளையாட்டு நடத்தி, பாட்டிகளோடு நடனமாடி, இரவில் மேடையேறவும் வேண்டும். ஸ்கெக்னஸ் முகாமில் ஆலன் இதையெல்லாம் செய்தார். அவருடைய அண்ணன் ஜானும் சேர்ந்துகொண்டு இருவரும் இரட்டையராக மேடையேறியதும் உண்டு. விருந்தினர் மழையில் நனைந்து எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும் கூடத்தில் சிரிக்கவைக்கப் பழகியவருக்கு, விளக்கொளி வீசும் தொலைக்காட்சி அரங்கம் எளிதாகத்தான் இருந்திருக்கும். 1959-இல் பிபிசியின் புதுமுக நிகழ்ச்சி ஒன்றில் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் தோன்றினார்.

பீட்டில்ஸோடு சுற்றுப்பயணம் போனார் என்று யாரோ எழுதியிருந்தார்கள். கட்டுக்கதைதானே?

உண்மை. 1963 தொடக்கத்தில் ஹெலன் ஷாபிரோ என்ற பதினாறு வயதுப் பாடகியின் பெயரில் இங்கிலாந்து முழுவதும் ஒரு சுற்றுப்பயணம் நடந்தது. சுவரொட்டியில் அந்தப் பெண்ணின் பெயர்தான் பெரியது. சிறிய எழுத்தில் இருந்த பெயர்களில் பீட்டில்ஸ் இசைக்குழுவும் ஒன்று. நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆலன். ஒரு பாடகர் இறங்கி அடுத்தவர் ஏறும் இடைவெளியில் கூட்டத்தைப் பிடித்துவைப்பது அவர் பொறுப்பு.

ஆஸ்திரேலியாவில் தடை செய்யப்பட்டாராமே? என்ன பேசினார்?

அதே ஹெலன் ஷாபிரோவோடு ஆஸ்திரேலியா போனவருக்கு, 1963-இல் சிட்னியின் சேனல் 9-இல் ‘டுநைட் வித் டேவ் ஆலன்’ என்ற உரையாடல் நிகழ்ச்சி கிடைத்தது. பெரும் வெற்றி. ஒருநாள் பீட்டர் குக், டட்லி மூர் என்ற இரண்டு நகைச்சுவை மேதைகள் விருந்தினர்கள். பேச்சு சூடு பிடித்துப் போய்க்கொண்டிருக்கிறது. நேரடி ஒளிபரப்பு. விளம்பரத்துக்கு நேரமாகிவிட்டது என்று தயாரிப்பாளர் கையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார். ஆலன் அவரைப் பார்த்து, எங்களை விட்டுவிட்டு நீங்கள் போய் இன்னதைச் செய்யுங்கள் என்று ஒரு யோசனை சொன்னார். அது ஆண்கள் தனிமையில் செய்யும் காரியம். இதற்குமேல் நான் எழுதமாட்டேன், சித்தி படிக்கிறார்.

தடை விழுந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பினார். ஆனால் ஆஸ்திரேலியர்கள் அவரை விடவில்லை. பிற்காலத்தில் அவருடைய அரங்க நிகழ்ச்சிகளுக்கு அங்கே கூட்டம் குறைந்ததே இல்லை. விளம்பரத்தை நிறுத்திவைத்த மனிதரை மக்கள் எப்படி மறப்பார்கள்?

பேசியதையெல்லாம் அவரேதான் எழுதினாரா?

எல்லாவற்றையும் தனியாக அல்ல. ‘அட் லார்ஜ்’ நிகழ்ச்சியில் இரண்டு பகுதிகள் மாறி மாறி வரும். ஒன்று, நாற்காலிப் பேச்சு. மற்றொன்று, நடிகர் குழுவோடு அவர் நடித்த குறுநாடகங்கள். ஆஸ்டின் ஸ்டீல், பீட்டர் வின்சென்ட் ஆகியோர் அவரோடு சேர்ந்து எழுதினார்கள். மைக்கேல் ஷார்வெல்-மார்ட்டின், ஜாக்குலின் கிளார்க், ரானி ப்ரோடி ஆகியோர் குறுநாடகங்களில் திரும்பத் திரும்ப வரும் முகங்கள்.

நாற்காலிப் பேச்சில் பழைய துணுக்குகளும் உண்டு. எங்கேயோ கேட்ட கதை, மதுக்கடையில் நூறு பேர் சொன்ன கதை. இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பாட்டி சொன்ன கதை பாட்டி இயற்றியதா என்று யாரும் கேட்பதில்லை. அவர் கைபட்ட கதை எப்படி மாறுகிறது என்பதுதான் எழுத்து. சம்பவத்தை நிருபர்போல் வரிசைப்படுத்துவார். இடம், நேரம், உடுப்பு, வானிலை எல்லாம் இருக்கும். கடைசி வரியில்தான் கால் இடறும். இரண்டாம் கேள்வியில் சொன்ன பத்திரிகைக் குடும்பம் இங்கேதான் வெளியே தெரிகிறது. பிற்காலப் பேச்சுகளில் கேட்ட கதைகள் குறைந்து, முதுமை, பள்ளிக்கூடம், விமான நிலையம், பிள்ளை வளர்ப்பு என்று சொந்த அனுபவங்கள் கூடின.

எதற்கெடுத்தாலும் பாதிரியார், கன்னியாஸ்திரீ, பாப்பரசர். அப்படி என்ன கோபம்?

அவருடைய புகழ்பெற்ற கதை ஒன்று இருக்கிறது. சின்னஞ்சிறு பையன், கன்னியர் மடப் பள்ளியில் முதல் நாள். கறுப்பு உடையில் ஒரு கன்னியாஸ்திரீ குனிந்து, நீ இங்கே நல்ல பிள்ளையாக இருப்பாய் அல்லவா என்று கேட்கிறார். பையன் நிமிர்ந்து பார்க்கிறான். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு மனிதரைச் சிலுவையில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். இருப்பேன் என்கிறான் பையன், உடனே.

நான் ஞாயிறு பூசை தவறாத வீட்டில் வளர்ந்தவன். பாடுபட்ட சுரூபத்தை நான் பார்க்காத நாளே இல்லை. இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான், இதை முதல்முறை பார்க்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது என்னவாகத் தெரியும் என்று யோசித்தேன். ஆலனின் பார்வை முழுக்க அந்த உயரத்திலிருந்துதான் வருகிறது, பெரியவர்களின் முழங்காலுக்குச் சற்று மேலே. அவருடைய கோபம் இறையியலைப் பற்றியது அல்ல. பிள்ளைகளை அடித்த கைகளைப் பற்றியது. கன்னியர்களும் குருக்களும் நடத்திய பள்ளிகளில் வாங்கிய அடியை அவர் பேட்டிகளிலும் கசப்போடு சொல்லியிருக்கிறார்.

அந்நாளைய அயர்லாந்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1937 அரசியலமைப்பு கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி இடம் உண்டு என்று எழுதியே வைத்திருந்தது. அந்த வரியை நீக்க 1972-இல் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. மணமுறிவுக்கு அனுமதி கிடைத்தது 1995 வாக்கெடுப்பில்தான். தணிக்கை வாரியம் நாவல்களைத் தடை செய்துகொண்டே இருந்தது. எட்னா ஓ’பிரையனின் முதல் நாவல் 1960-இல் தடையானது. பள்ளி, மருத்துவமனை, படுக்கையறை என்று எங்கும் திருச்சபையின் கை நீண்டிருந்த நாட்டில் பிறந்த ஒருவர் வேறு எதைக் கிண்டல் செய்வார்?

நாங்கள் கத்தோலிக்கர்கள். அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

பாவசங்கீர்த்தனக் கூண்டில் நடக்கும் குறுநாடகங்களைத் தாராளமாகப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் அவற்றுக்கு அதிகம் சிரித்தது பக்தி மிகுந்தவர்கள்தான். பாவத்தைச் சொல்ல வரிசையில் நின்று, உள்ளே போகுமுன் பட்டியலைச் சுருக்கிக்கொண்டவர்களுக்குத்தான் அந்தக் கூண்டின் இருட்டும் கிசுகிசுப்பும் தெரியும். பாப்பரசர் வருபவற்றை முதலில் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 1990-க்குப் பிந்தைய பேச்சுகளில் கெட்ட வார்த்தைகள் தாராளம். அவற்றுக்கு அம்மா வேண்டாம்.

பாப்பரசர் ஆடை களைகிற காட்சி ஒன்று இருக்கிறதாமே? அதற்கு என்ன ஆயிற்று?

1975-இல் ஒளிபரப்பானது. பாப்பரசர் வேடத்தில் ஆலன், பேராலயப் படிக்கட்டில், இசைக்கு ஏற்ப அங்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். உண்மையில் அங்கே காட்டப்படுவது சதை அல்ல. துணிதான், அடுக்கடுக்காகத் துணி. இவ்வளவு அணிந்திருக்கிறாரே என்பதுதான் வேடிக்கையின் பாதி.

புகார்கள் குவிந்தன. அயர்லாந்தின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ 1977-இல் அவரைத் தன் திரையிலிருந்து ஒதுக்கிவைத்தது. ஆனால் கிழக்குக் கடற்கரையிலும் வட எல்லையிலும் இருந்த வீடுகளுக்கு இங்கிலாந்தின் அலைவரிசை எட்டும். கூரைமேல் உயரமான ஆன்டெனா வைத்திருந்தவர்கள், ஞாயிறு காலை பூசைக்குப் போய்விட்டு இரவில் ஆலனையும் பார்த்தார்கள்.

நாத்திகர் என்கிறார். பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் கடவுள் பெயரைச் சொல்லி விடைபெறுகிறார்?

“குட் நைட், நன்றி, உங்கள் கடவுள் உங்களோடு போகட்டும்” என்று பொருள்படும் வாக்கியம்தான் அவருடைய விடைபெறும் முத்திரை. கவனியுங்கள், ‘கடவுள்’ இல்லை, ‘உங்கள் கடவுள்’. உங்களுடையது எதுவோ அது, இல்லையென்றால் அந்த இல்லாமை. நாற்பது நிமிடம் பாதிரியார்களைப் பந்தாடிவிட்டு இதைச் சொல்லும்போது குரலில் கேலி இருக்காது. நான் பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன்.

கடவுள் புண்ணியத்தில் நான் நாத்திகன் என்பதும் அவர் சொல்லிவந்த வேடிக்கைதான். இரண்டையும் ஒருவரே சொன்னதில் எனக்கு முரண் தெரியவில்லை. ஒன்பதாம் கேள்வியில் சொன்ன பையன், அடித்தவர்களைத்தான் மன்னிக்கவில்லை. வழிபடுகிறவர்களோடு அவனுக்கு என்ன சண்டை?

கடிகாரத்தைப் பற்றி ஏதோ சொன்னதற்கு நாடாளுமன்றம் வரை போனார்களாமே?

1990. பிபிசியில் புதுத் தொடர், இம்முறை குறுநாடகம் எதுவும் இல்லாத தனிப் பேச்சு. ஒரு துணுக்கு இப்படிப் போகிறது: கடிகாரம் பார்த்து எழுகிறோம், கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறோம், கடிகாரம் பார்த்து வேலைக்குப் போகிறோம், வருகிறோம், படுக்கிறோம். வாழ்நாள் முழுவதும் இதே கதை. கடைசியில் ஓய்வு பெறும்போது நிர்வாகம் நமக்கு என்ன தருகிறது? ஒரு கடிகாரம். அந்தக் கடைசிக் கேள்வியின் நடுவே, ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் கெட்ட வார்த்தை ஒன்று வரும்.

புகார்கள் வந்தன, நாளிதழ்கள் எழுதின, நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் விஷயத்தைக் கிளப்பினார். பாப்பரசரின் அங்கிக்குக் கூடாத சபை, ஒரு வார்த்தைக்குக் கூடியது என்று நண்பர் ஒருவர் சொல்வார். அந்த வார்த்தையை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள், துணுக்கு செத்துவிடும். நாற்பது ஆண்டு பொறுத்தவன் வாயிலிருந்து ஒரே ஒரு முறை வரும் சொல் அது. ஆலனுக்குக் கடிகாரமும் பள்ளிச்சுவரில் தொங்கிய உருவமும் வேறுவேறு அல்ல. இரண்டும் மேலே மாட்டப்பட்டவை, இரண்டும் நம்மை நல்ல பிள்ளையாக இருக்கச் சொல்பவை.

தமிழில் சொன்னால் சிரிப்பு வருமா?

சிலவற்றுக்கு வரும். பிள்ளைக்குக் கடிகாரம் பார்க்கக் கற்றுத்தரும் பேச்சு, அவர் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் கடிகார முள்ளைக் ‘கை’ என்பார்கள், நொடியை ‘செகண்ட்’ என்பார்கள். முதல் கை மணியைக் காட்டுகிறது, இரண்டாவது கை நிமிடத்தைக் காட்டுகிறது, மூன்றாவது கைதான் செகண்ட் கை. பிள்ளை விழிக்கிறது. அப்பன் மேலும் விளக்குகிறான், விளக்க விளக்கக் கத்துகிறான். ‘செகண்ட் ஷோ’வும் ‘ஒரு செகண்ட் இரு’வும் நம்மிடம் இருப்பதால் நமக்கு இது பாதிக்குமேல் புரிந்துவிடும். மீதி அப்பனின் முகத்தில் இருக்கிறது. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

இரண்டு சவ ஊர்வலங்கள் பந்தயம் போடும் குறுநாடகத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு தேவை. ஒரே நாளில் இரண்டு அடக்கம் நடந்தால், பின்னால் வந்து புதைக்கப்படும் ஆவிதான் அடுத்த ஆள் வரும்வரை கல்லறைத் தோட்டத்துக்குக் காவல் இருக்க வேண்டும், உத்தரிக்கிற ஸ்தலத்தில் தவிக்கும் ஆன்மாக்களுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும் என்று அயர்லாந்து நாட்டுப்புறத்தில் நம்பிக்கை உண்டு. இது தெரிந்தால், சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்பது புரியும். தெரியாவிட்டாலும் சிரிப்பு வரும், அது வேறு.

நகைச்சுவை தவிர வேறு எதுவும் செய்யவில்லையா?

செய்தார், நன்றாகவே செய்தார். 1972-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் எட்னா ஓ’பிரையனின் நாடகத்தில் நடித்தார். அடுத்த ஆண்டு மேகி ஸ்மித் பீட்டர் பேனாக நடித்த மேடைத் தயாரிப்பில், அந்தச் சிறுவர் கதையின் வில்லன் கேப்டன் ஹுக். 1979-இல் ஆலன் பென்னெட் எழுதி ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் இயக்கிய ‘ஒன் ஃபைன் டே’ என்ற தொலைக்காட்சி நாடகத்தில், நடுவயதில் தடுமாறும் வீட்டுத் தரகராக நடித்தார். அதில் அவர் முகம் எவ்வளவு சோகமானது என்று முதல்முறை தெரிந்தது. ஆவணப்படங்களும் எடுத்தார். 1974-இல் வந்தது இங்கிலாந்தின் கிறுக்கு மனிதர்களைத் தேடிப்போன படம். அதில் அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை, உட்கார்ந்து கேட்டார்.

சில பழைய குறுநாடகங்கள் இப்போது நெருடுகின்றனவே?

ஆம். எழுபதுகளின் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கே உரிய குட்டைப் பாவாடைச் சிரிப்பு அவரிடமும் உண்டு. சில குறுநாடகங்களில் பெண்களுக்கு வேலையே இல்லை, தோன்றி மறைவார்கள். தூக்குமேடை, துப்பாக்கிப் படை, டிராகுலா என்று சில கருக்களைச் சலிக்கும்வரை அரைத்தார்கள். ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் நிரப்பியாக வேண்டுமே. இந்தப் பகுதிகளை நான் தள்ளிவிட்டு நாற்காலிக்குப் போய்விடுவேன். நாற்காலி கெட்டுப்போகவில்லை.

இப்போதைய ஐரிஷ் நகைச்சுவையாளர்களுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

டாரா ஓ பிரீன், டிலன் மோரன், டாமி டியர்னன், எட் பைர்ன் ஆகியோரைப் பார்த்தவர்களுக்குத் தானாகவே தெரியும். வளைந்து வளைந்து போகும் கதை, அதிகாரத்தைக் கண்டால் அரிக்கும் நாக்கு. 1995-இல் தொடங்கிய ‘ஃபாதர் டெட்’ தொடரில் மூன்று பாதிரியார்கள் ஒரு தீவில் அடிக்கும் கூத்தைப் பார்த்து அயர்லாந்தே சிரித்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு அதே அங்கியைப் போட்டதற்கு என்ன நடந்தது என்பதைப் பதினோராம் கேள்வியில் பார்த்தோம். தெய்வநிந்தனையைக் குற்றமாக்கிய சொல்லையே அயர்லாந்து மக்கள் 2018 வாக்கெடுப்பில் அரசியலமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆலன் இருந்திருந்தால், இனி நான் எதைப் பேசுவது என்று அலுத்துக்கொண்டிருப்பார்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர் ஏன் நிறுத்தினார்?

1993-இல் இங்கிலாந்தின் தனியார் தொலைக்காட்சியான ஐடிவியில் ஒரு தொடர், அதன்பின் பெரிய தொடர் எதுவும் இல்லை. 1996-இல் பிரிட்டிஷ் நகைச்சுவை விருதுகளில் வாழ்நாள் சாதனையாளர் விருது. அத்துடன் ஏறக்குறைய ஒதுங்கிக்கொண்டார். வீட்டில் ஓவியம் வரைந்தார். விருந்துகளில் தலைகாட்டும் ஆளாக அவர் எப்போதுமே இருந்ததில்லை. ஏதோ மனக்கசப்பு, யாரோ விரட்டினார்கள் என்று கதை கட்டுகிறார்கள். அறுபதை நெருங்கும் ஒருவர் தூரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதற்குக் காரணம் கேட்கக் கூடாது, வாழ்த்த வேண்டும்.

எதிலிருந்து தொடங்கட்டும்?

பள்ளியில் முதல் நாள். பிறகு கடிகாரம் கற்றுத்தருவது. மூன்றாவதாகச் சவ ஊர்வலம். மூன்றுக்கும் சிரிக்கவில்லை என்றால் உங்களுக்கு வேறு யாரையாவது அனுப்புகிறேன்.

கடைசியாக ஒன்று. அவருடைய இடது கை ஆட்காட்டி விரல் பாதிதான் இருக்கிறதே, என்ன ஆயிற்று?

இது கடைசியாக வந்த கேள்வி அல்ல. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பதில் நீளம் என்பதால் கீழே தள்ளிவைத்தேன்.

சிறுவயதில் ஓர் இயந்திரத்தின் பற்சக்கரத்தில் சிக்கி நுனி போய்விட்டது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் செய்தி. ஆனால் அதைச் சொல்லி முடித்துக்கொண்டால் அவர் ஆலன் அல்லர். அண்ணன்களோடு நடந்த போரில் பட்ட விழுப்புண் என்று ஒரு கதை சொல்வார். இன்னொன்று பேய்க்கதை. இரவு, பாழடைந்த வீடு, இருட்டில் தட்டுத்தடுமாறிப் போகிறார். அரங்கின் விளக்குகள் மங்கிக்கொண்டே வரும், குரல் தாழ்ந்துகொண்டே போகும். கொடிய ஏதோ ஒன்று அவருடைய இடது கையைப் பற்றுகிறது. அலறல். வெளிச்சம். பாதி விரல்.

மூன்றாவது, விஸ்கிக் குவளைக்குள் விரலை விட்டு விட்டு, சாராயம் அரித்து அரித்து இப்படி ஆகிவிட்டது என்பது. சித்தி இன்றுவரை நம்புவது இதைத்தான். குவளையில் இருந்தது இஞ்சிச் சோடா என்று நான்காம் கேள்வியில் எழுதியிருப்பதைக் காட்டினேன். அப்படியென்றால் இஞ்சிக்கு அவ்வளவு காரமா என்கிறார்.